நாட்டு அதிவிடயமும் நிழல்நீர்க் காடுகளும்

நீர்த்தாவரம் என்ற சொல்லைக் கேட்டவுடன் தாமரையையும் அல்லியையும் நினைப்பது தமிழகத்தில் ஊறிப்போன வழக்கம். கோயில் குளத்திலும் ஊர் ஏரியிலும் வெயிலை முழுவதும் வாங்கிக்கொண்டு, அகன்ற இலைகளை நீர்ப்பரப்பில் விரித்து, பூவைத் தண்டின் உச்சியில் ஏந்தி நிற்கும் அச்செடிகள் எவர் கண்ணுக்கும் தப்புவதில்லை. இவ்வுரை எடுத்துக்கொள்ளும் செடிகள் அவ்வாறு தம்மைக் காட்டிக்கொள்பவை அல்ல. மழைக்காடுகளின் அடியில், மரக்கிளைகள் வானத்தை மூடிய ஓடைகளிலும், ஆண்டின் பெரும்பகுதி நீர் தேங்கிக் கிடக்கும் பள்ளங்களிலும், சேற்றில் வேரூன்றி வளரும் இவை, பூவையும் ஒரு சிறு குடுவைக்குள் ஒளித்து வைத்திருப்பவை. சேனையும் சேம்பும் சேர்ந்திருக்கும் அரேசி என்னும் குடும்பத்தில் அடங்குபவை. கிரிப்டோகோரைன், லாஜினாண்ட்ரா என்பன இவற்றின் இரண்டு பேரினங்களாகும். நெருங்கிய உறவுடைய இனங்களை ஒரே பெயரின்கீழ்த் தாவரவியலார் தொகுக்கும் பிரிவே பேரினம் எனப்படுகிறது.

முதலாவது பேரினத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட இனங்கள் இந்தியாவில் தொடங்கி இலங்கை, மலேயத் தீபகற்பம், போர்னியோ வழியாக நியூகினி வரை பரவியிருக்கின்றன. இரண்டாவது அளவில் சிறியது. அதன் இனங்களில் மிகுதியானவை மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரங்களிலும் இலங்கையின் ஈர வலயத்திலும் மட்டுமே காணப்படுகின்றன. பூக்காத நிலையில் இரண்டையும் வேறுபடுத்தி அறிய, இன்னும் விரியாத இளம் இலையைப் பார்த்தாலே போதும். கிரிப்டோகோரைனில் இளம் இலை ஓலைப்பாயைச் சுருட்டினாற்போல் ஒரு விளிம்பு உள்ளேயும் மறு விளிம்பு வெளியேயுமாக ஒரே சுருளாகச் சுருண்டிருக்கும். லாஜினாண்ட்ராவில் இரு விளிம்புகளும் தனித்தனியே நடு நரம்பை நோக்கி உட்பக்கமாகச் சுருண்டு, அருகருகே இரண்டு குழல்களாக அமைந்திருக்கும். விரிந்த பிறகும் அந்த மடிப்பின் தடம் சில நாள் இலையில் தங்குவதுண்டு.

இவ்விரு பேரினங்களிலும் அரியவை என்று பட்டியலிடத்தக்க இனங்கள் பல உள்ளன. ஒரு செடி அரிதானால், பறித்து விற்பவர் மீது பழியைப் போட்டுவிட்டு அமைதியடைவது எளிது. பறிப்பைத் தடுத்தால் செடி பிழைத்துவிடும் என்று நம்புவதும் அதே அளவுக்கு எளிது. ஆனால் இச்செடிகளின் வரலாற்றைக் கூர்ந்து நோக்கினால், உலகெங்கும் கண்ணாடித் தொட்டிகளில் இலட்சக்கணக்கில் வளரும் ஓர் இனம் தன் சொந்த ஓடையில் விரல்விட்டு எண்ணும் இடங்களில் மட்டும் எஞ்சியிருப்பதும், தன் ஊரில் அருகிவரும் ஓர் இனம் அயல்நாட்டு ஆற்றில் ஒழிக்கவேண்டிய களையாகப் பெருகுவதும் தெரியவரும். அருமை என்பது செடியின் குணமன்று, அது நிற்கும் நீரின் நிலையே என்பதுதான் இவ்வுரை நிறுவ முயலும் கருத்து.

இப்பொருளைச் சென்னையின் சிந்தாதிரிப்பேட்டையில் பேசுவது பொருத்தமற்றதாகச் சிலருக்குத் தோன்றலாம். கூவம் ஆறு வளைந்து செல்லும் இடத்தில், 1734ஆம் ஆண்டு, ஜார்ஜ் மார்ட்டன் பிட் ஆளுநராக இருந்தபோது நெசவாளர்களையும் நூல் நூற்பவர்களையும் சலவைத் தொழிலாளர்களையும் குடியமர்த்த உருவாக்கப்பட்ட இப்பேட்டையில் மழைக்காட்டு ஓடைக்கு என்ன வேலை என்று கேட்கலாம். ஆயினும் இச்செடிகளின் அறிவியல் வரலாறு இந்த வட்டாரத்தின் விளிம்பைத் தொட்டுக்கொண்டுதான் தொடங்குகிறது. சுவீடனின் லின்னேயஸிடம் பாடம் கேட்ட யோஹான் கெர்ஹார்டு கோனிக் என்னும் மருத்துவர், 1768இல் டேனிஷ்காரர் வசமிருந்த தரங்கம்பாடிக்கு மிஷன் மருத்துவராக வந்து சேர்ந்தார். சோழமண்டலக் கரையின் செடிகளைச் சேகரித்து ஐரோப்பிய நண்பர்களுக்கு அனுப்புவதிலேயே வருமானமும் காலமும் கரைந்துபோன அவர், 1774இல் ஆர்க்காட்டு நவாபிடம் இயற்கையியலாளராகப் பணியேற்றார். அந்த நவாபின் சேப்பாக்கம் மாளிகை இப்பேட்டைக்கு நடந்து செல்லும் தொலைவில்தான் இன்றும் நிற்கிறது. 1778இல் அவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் பணிக்கு மாறி, 1785இல் காக்கிநாடாவை அடுத்த ஜகந்நாயகபுரத்தில் காலமானார்.

கோனிக் அனுப்பிய செடிகளைப் பெற்றவர்களில் ஒருவர் சுவீடனின் லுண்டு நகரத்து அறிஞர் ஆண்டர்ஸ் ரெட்சியஸ். 1779இல் ரெட்சியஸ் வெளியிட்ட நூலில் ஆரம் ஸ்பைராலே என்ற பெயரில் விவரிக்கப்பட்ட செடியே பின்னாளில் கிரிப்டோகோரைன் ஸ்பைராலிஸ் ஆயிற்று. இப்பேரினத்தில் அறிவியல் பெயர் பெற்ற முதல் இனம் அதுதான். பேரினத்தைத் தனியே பிரித்தவர் புனித பீட்டர்ஸ்பர்க் தாவரத் தோட்டத்தை நடத்திய ஃபிஷர். அதனை 1830இல் முறைப்படி அச்சிட்டவர் வைட்லர். இந்த ஃபிஷரை, கேம்பிள் தொடங்கிய சென்னை மாகாணத் தாவரநூலை அவர் மறைவுக்குப் பின் எழுதி முடித்த மற்றொரு ஃபிஷரோடு குழப்பிக்கொள்ளும் கட்டுரைகளும் உண்டு. இருவருக்கும் இடையே ஒரு நூற்றாண்டு இடைவெளி இருக்கிறது.

மறைந்த கதை என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களிலிருந்து கிரிப்டோகோரைன் என்ற பெயர் அமைந்தது. கதையென்பது இங்கே வீமன் கையில் உள்ள ஆயுதம். சேனை, சேம்பு முதலியவற்றில் பாளை எனப்படும் மடல் விரிந்து நிற்க, அதன் நடுவே பூக்களைத் தாங்கிய பூந்தண்டு கதை வடிவில் வெளியே தெரியும். கிரிப்டோகோரைனிலோ பாளையின் விளிம்புகள் ஒட்டிக்கொண்டு ஒரு குழலாகவும், குழலின் அடிப்பகுதி உப்பி ஒரு குடுவையாகவும் மாறிவிடுவதால், பூந்தண்டு முழுவதும் குடுவைக்குள் அடைபட்டுவிடுகிறது. அதன் நுனிகூடக் குடுவையின் உட்சுவரோடு ஒட்டியே இருக்கும்.

அந்தக் குடுவைக்குள் நடப்பது நீர்த்தாவர உலகின் நுட்பமான ஏற்பாடுகளில் ஒன்று. அடியில் ஒரே வட்டமாக ஐந்தாறு பெண்பூக்கள் தம்முள் இணைந்து நிற்கும். அவற்றை ஒட்டி மணம் பரப்பும் சிறு உறுப்புகள் இருக்கும். அவற்றுக்கு மேலே வெறுமையான தண்டு, அதன் உச்சியில் ஆண்பூக்களின் திரள், அதற்கும் மேலே குடுவையின் வாயில் ஒரு மெல்லிய மூடி. பாளையின் மேல்நுனி நீர்மட்டத்துக்கு மேலே விரிந்து, மஞ்சளும் கருஞ்சிவப்புமான நிறத்தாலும், மனிதர் மூக்குக்கு உவப்பில்லாத வாடையாலும் சின்னஞ்சிறு ஈக்களை ஈர்க்கிறது. குழலுக்குள் இறங்கிய ஈ வழவழப்பான உட்சுவரில் கால்பற்ற முடியாமல் குடுவைக்குள் விழுகிறது. அப்போது பெண்பூக்கள் மட்டுமே முதிர்ந்திருக்கும், ஆண்பூக்கள் மகரந்தத்தை வெளியிட்டிரா. ஈ வேறொரு பூவிலிருந்து கொண்டுவந்த மகரந்தம் சூலகமுடியில் படிந்த பிறகு, அடுத்த நாளில் ஆண்பூக்கள் தம் மகரந்தத்தைக் கசிய விடுகின்றன. அதன்பின் குடுவையின் பிடி தளர்ந்து, மகரந்தம் ஒட்டிய உடலோடு ஈ வெளியேறி அடுத்த பூவைத் தேடிச் செல்கிறது. ஒரே பூவுக்குள் தன்மகரந்தச் சேர்க்கை நிகழாமல் காப்பதற்குக் காலத்தைப் பிரித்துவைக்கும் இந்த ஏற்பாடு அரேசி குடும்பத்தில் பரவலானதுதான் என்றாலும், நீருக்கடியில் இருந்துகொண்டே அதை நிறைவேற்றும் துணிச்சல் கிரிப்டோகோரைனுக்கே உரியது.

இதில் கவனிக்க வேண்டிய செய்தி குழலின் நீளம். நீர் ஆழமாக நிற்கும் ஓடைகளில் வளரும் இனங்களில் குழல் நீண்டு, வாயை நீர்மட்டத்துக்கு மேலே தூக்கிப் பிடிக்கிறது. வயலோரத்திலும் வற்றும் குட்டையிலும் வளரும் ஸ்பைராலிஸில் குழலே இல்லை என்று சொல்லத்தக்க அளவுக்கு அது குறுகி, குடுவையின் மேலேயே பாளை நேராக முறுக்கிக்கொண்டு எழும்புகிறது. அதன் உட்புறம் கருஞ்சிவப்பாய், குறுக்கே வரிவரியான மேடுகளோடு இருக்கும். ஒவ்வோர் இனமும் தான் பூக்கும் மாதத்தில் தன் ஓடையில் நீர் எவ்வளவு உயரம் நிற்கும் என்பதைக் குழலின் நீளத்தில் எழுதி வைத்திருக்கிறது என்றே கொள்ளலாம். அந்த நீர்மட்டம் ஒரு சாண் உயர்ந்தாலும் பூ நீருக்குள் மூழ்கி வீணாகும். ஈ வராது, காய் பிடிக்காது. அவ்வகையில், ஓடையின் கீழே ஒரு சிறு தடுப்பணை கட்டுவது செடியைத் தொடாமலேயே அதன் சந்ததியை நிறுத்திவிட வல்லது.

காய்த்த பின் கிரிப்டோகோரைனின் இணைந்த பழம் நட்சத்திரம்போல் பிளந்து விதைகளை நீரில் விடும். லாஜினாண்ட்ராவிலோ பெண்பூக்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் பல அடுக்காக இருப்பதால், பழங்கள் தனித்தனியே அடியிலிருந்து திறக்கும். சுந்தரவனத்தின் ஓதநீரில் வளரும் கிரிப்டோகோரைன் சிலியாட்டா இவற்றினும் ஒருபடி மேலே போய், விதையைப் பழத்துக்குள்ளேயே முளைக்கவிட்டு, இலைக்கொத்தோடு கூடிய நாற்றாக வெளியே அனுப்புகிறது; அலை அடித்துச் செல்வதற்குள் சேற்றில் வேர்பிடிக்க அதற்கு அவகாசம் குறைவு.

சதுப்பு என்ற சொல் சென்னைவாசிக்குப் பள்ளிக்கரணையை நினைவூட்டும். 2022இல் ராம்சார் உடன்படிக்கைப் பட்டியலில் இடம்பெற்ற அந்நிலம் மரமற்ற, கோரையும் நாணலும் மண்டிய திறந்த சதுப்பு. பிச்சாவரம் மரங்கள் உள்ள சதுப்புதான், ஆனால் அங்கே உப்புநீர். இச்செடிகளின் தாயகமான நன்னீர்ச் சதுப்புக் காடு இவ்விரண்டிலும் சேராத மூன்றாவது வகை: உயர்ந்த மரங்கள், அடர்ந்த நிழல், மெதுவாக நகரும் உப்பற்ற நீர். அதைக் காண விரும்பும் தமிழர் நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. 1956 வரை திருவிதாங்கூர்க் கொச்சியோடு இருந்து பின் சென்னை மாநிலத்தில் சேர்ந்த செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவுக் கணவாயைக் கடந்து தென்மலைக்கு இறங்கினால், குளத்துப்புழை, அஞ்சல், செந்துருணி வட்டாரங்களில் அத்தகைய காடுகள் துண்டு துண்டாக எஞ்சியிருக்கின்றன.

இவற்றுக்கு வனத்துறை நூல்களில் மிரிஸ்டிகா சதுப்புக் காடு என்று பெயர். சமையலறையில் புழங்கும் சாதிக்காயின் காட்டு உறவுகளான மரங்களே இங்கு ஆட்சி செய்வதால் இப்பெயர். 1960இல் கிருஷ்ணமூர்த்தி என்னும் வன அறிஞர் திருவிதாங்கூரின் பசுமைமாறாக் காடுகளுக்குள் இவை இருப்பதை எழுதிக்காட்டினார். 1968இல் சாம்பியனும் சேத்தும் இந்தியக் காடுகளை வகைப்படுத்தியபோது இதற்குத் தனி இடம் அளித்தனர். கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கு உட்பட்ட பள்ளத்தாக்குகளின் அடியில், ஓடை விரிந்து வேகம் இழக்கும் இடங்களில் மட்டுமே இக்காடு அமைகிறது. கருஞ்சேற்றில் காற்றில்லாமையால், மிரிஸ்டிகா மேக்னிஃபிகா என்னும் மரம் தண்டின் மேற்பகுதியிலிருந்தே முட்டுவேர்களை இறக்கி நிற்கிறது. ஜிம்னாகிராந்தெரா என்னும் மற்றொரு மரத்தின் வேர்கள் சேற்றிலிருந்து மேலே வளைந்து எழும்பி, மடக்கிய முழங்காலின் வடிவில் காற்றை வாங்கிக்கொண்டு மீண்டும் உள்ளே இறங்குகின்றன. கேரளத்தில் எஞ்சியுள்ள மிரிஸ்டிகா சதுப்புகள் அனைத்தையும் ஒன்றுசேர்த்தாலும் பரப்பு ஏறக்குறைய ஒன்றரை சதுர கிலோமீட்டர்தான்.

அந்த முழங்கால் வேர்களுக்கு இடையே, தரைத்தளத்தை நிரப்பி நிற்கும் செடிகளில் முதன்மையானது லாஜினாண்ட்ரா ஓவாட்டா. தடித்த மட்டநிலத்தண்டு, அதாவது சேற்றில் கிடைமட்டமாகப் படர்ந்து வளரும் தண்டு, ஓடையின் குறுக்கே ஊர்ந்து சென்று, இடுப்பளவு உயரத்துக்கு இலைகளை எழுப்புகிறது; பாளையோ தரைமட்டத்தை ஒட்டியே, உட்புறம் கருஞ்சிவப்பும் சுருக்கமுமாய், வால்போல் நீண்ட நுனியோடு எழும். இச்செடி ஐரோப்பியர் ஏட்டில் ஏறியது மிகப் பழைய காலத்தில்: கொச்சியின் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீடு, இட்டி அச்சுதன் முதலிய நாட்டு மருத்துவர்களின் துணையோடு தொகுத்து, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்த ஹோர்த்துஸ் மலபாரிக்கஸ் நூலில் இது கரின்போளா என்ற மலையாளப் பெயரோடு படமாக இடம்பெற்றிருக்கிறது. அப்படத்தை ஆதாரமாகக் கொண்டு லின்னேயஸ் பெயர் சூட்ட, இலங்கையின் பேராதனைத் தோட்டத்தின் த்வெயிட்ஸ் 1864இல் இன்றைய பேரினத்துக்கு அதை மாற்றினார். பேரினத்தையே நிறுவியவர் பம்பாய் மாகாணத்தில் பணியாற்றிய டால்செல், ஆண்டு 1852. அவர் கையில் கிடைத்த இனத்துக்கு டாக்சிகேரியா, அதாவது நஞ்சுடையது, என்று பெயர் வைத்தார். சேனையைச் சரியாக வேகவைக்காமல் தின்றவர் நாக்கில் உணரும் அரிப்புக்குக் காரணமான கால்சியம் ஆக்ஸலேட் ஊசிப்படிகங்கள் இக்குடும்பம் முழுவதற்கும் பொதுவானவை என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லலாம்.

மிரிஸ்டிகா சதுப்புகள் அழிந்தது கோடரியால் மட்டுமன்று. பள்ளத்தாக்கின் அடியில் ஆண்டு முழுவதும் ஈரம் காக்கும் சமநிலம் நெல்லுக்கும் பாக்குக்கும் மிக உகந்தது. ஆகவே வடகன்னடத்திலிருந்து கொல்லம் வரை இக்காடுகள் நெடுங்காலமாக வயல்களாகவும் தோப்புகளாகவும் மாறிவந்தன. மரத்தை வெட்டாமல் ஓடையை மட்டும் ஒரு வாய்க்காலில் திருப்பிவிட்டாலும் முடிவு அதேதான்: சேறு காய்கிறது, காய்ந்த மண்ணில் மிரிஸ்டிகாவின் பெரிய விதைகள் சில நாள்களுக்குள் முளைக்கும் திறனை இழக்கின்றன, அடுத்த தலைமுறை மரங்கள் எழாமல் நிழல் விலகுகிறது, நிழல் விலகிய இடத்தில் வெயில் விரும்பும் புல்லும் களையும் புகுந்து லாஜினாண்ட்ராவை வெளியேற்றுகின்றன. தப்பிய துண்டுகளில் சில தெய்வத்துக்கு விடப்பட்டவை. கோவாவின் சத்தாரி வட்டத்தில் பாம்பர் என்னும் சிற்றூரில் இருக்கும் சதுப்பு, நிராங்கார் என்னும் தெய்வத்தின் காவாக இருந்ததாலேயே இன்றுவரை நிற்கிறது.

சதுப்புக் காட்டைவிட்டு வெளியே வந்து, வயலோரத்திலும் வற்றும் ஓடையிலும் வாழப் பழகிக்கொண்ட உறவினர் கிரிப்டோகோரைன் ஸ்பைராலிஸ். சித்த மருத்துவத்தில் நாட்டு அதிவிடயம் என்று வழங்கப்படும் மூலிகை இதன் மட்டநிலத்தண்டே. அதிவிடயம் என்னும் பெயருக்கு முழு உரிமை உடையது இமயமலையின் உயர்ந்த சரிவுகளில் வளரும் அக்கோனைட்டம் ஹெட்டிரோஃபில்லம். குழந்தைகளின் கழிச்சலுக்கும் சுரத்துக்கும் வழங்கப்படும் அந்தக் கசப்புக் கிழங்கு, வெண்மையான மாவு நிறைந்த சிறு கூம்பு வடிவம் கொண்டது. வடக்கிலிருந்து வரும் சரக்குக்கு விலை கூடுதல்; ஆகவே குழந்தைகளின் வாந்திக்கும் இருமலுக்கும் கஷாயத்தில் சேர்க்க, தென்னாட்டுச் சேற்றில் கிடைக்கும் இந்த வேர் அதன் இடத்துக்கு வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கில மருந்துநூல்கள் இதை இந்திய இபெகாகுவானா என்று குறிப்பிட்டதற்குக் காரணம், இலை உதிர்ந்த தழும்புகள் நெருக்கமான வளையங்களாகத் தண்டு முழுவதும் பதிந்திருப்பதே. பிரேசிலிலிருந்து வந்த இபெகாகுவானா வேரிலும் அத்தகைய வளையங்கள் உண்டு.

சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து கூவத்தைக் கடந்து பார்க் டவுன் சென்றால், ராசப்ப செட்டித் தெருவில் நாட்டு மருந்துக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அங்கே அதிவிடயம் கேட்பவர், எந்த அதிவிடயம் என்று திருப்பிக் கேட்கும் கடைக்காரரைப் பெற்றால் நல்வாய்ப்புப் பெற்றவரே. ஏனெனில் உலர்ந்து நொறுங்கிய சரக்கில் இலையும் இல்லை, பாளையும் இல்லை. உடைத்துப் பார்த்தால் ஒன்று கூம்புக் கிழங்கு, மற்றொன்று வளையத் தழும்புள்ள, சிறுவேர்கள் ஒட்டிய பழுப்புநிறத் தண்டு என்ற வேறுபாடு தெரியும். பொடியாக்கியபின் நுண்ணோக்கி இல்லாமல் அதுவும் தெரியாது. இமயத்து அதிவிடயம் அழிவின் விளிம்பை நோக்கிச் செல்லும் இனங்களில் ஒன்றாகப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தால் அறிவிக்கப்பட்டுள்ள நிலையில், மலையில் சரக்குக் குறையக் குறையச் சமவெளிச் சேற்றின் மீது கைகள் நீளும் என்பதை ஊகிக்கப் பெரிய பொருளாதார அறிவு தேவையில்லை. ஆயினும் ஸ்பைராலிஸ் இன்னும் பரவலாக இருக்கும் இனம். கோடையில் இலை கருகினாலும் சேற்றுக்கடியில் தண்டு உயிரோடு கிடந்து, மழையில் மீண்டும் துளிர்க்கிறது. வயலோரத்திலேயே வளரப் பழகிய செடியாதலால், அதைச் சாகுபடிக்குக் கொண்டுவருவது காட்டு ஓடை இனங்களைப் பயிரிடுவதைக் காட்டிலும் எளிது. சதுப்பு நிழலை விட்டு நகரத் தெரியாத அதன் உறவினருக்கு அந்தத் தாராளம் இல்லை.

அந்த உறவினரில் பலர் இலங்கையைச் சேர்ந்தவர்கள். உலகின் வேறெந்த இடத்திலும் இயல்பாக வளராத பத்தளவு கிரிப்டோகோரைன் இனங்கள் அத்தீவில் உள்ளன. அவற்றின் பெயர்களைப் படித்தாலே காலனிக் காலத்து அலுவலர் பட்டியல் ஒன்றைப் படிப்பதுபோல் இருக்கும்: வாக்கெரி என்பது தாவரம் சேகரித்த வாக்கர் தம்பதியின் பெயர், பெக்கெட்டியி ஒரு தோட்டத்துரையின் பெயர், த்வெயிட்ஸியியும் வில்லிசியியும் பேராதனைத் தோட்டத்தின் இரு தலைவர்களின் பெயர்கள், நெவில்லியி என்பது தமிழ், சிங்கள ஓலைச்சுவடிகளைத் திரட்டி, இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கும் தொகுப்பை விட்டுச்சென்ற சிவில் அதிகாரி ஹியூ நெவிலின் பெயர். கோனிக்கையும் விட்டுவைக்கவில்லை; லாஜினாண்ட்ரா கோனிகியி இலங்கையின் இனம்தான். மக்கள் வழங்கிய பெயர் இவற்றில் ஒன்றுகூட அறிவியல் ஏட்டுக்குள் நுழையவில்லை. ஹோர்த்துஸ் மலபாரிக்கஸ் காலத்தில் இருந்த பெருந்தன்மை இருநூறு ஆண்டுகளில் சுருங்கிவிட்டது என்பதே உண்மை.

இவற்றுள் த்வெயிட்ஸியி தென்மேற்கு இலங்கையின் தாழ்நிலப் பசுமைக்காடுகளில், நிழல்படிந்த ஓடைகளில் மட்டும் வாழ்கிறது. சொரசொரப்பான மேற்புறமும் நுண்பற்கள் கொண்ட விளிம்பும் உடைய அதன் சிறு இலை, இப்பேரினத்தின் மற்ற இனங்களிலிருந்து அதை உடனே பிரித்துக் காட்டும். ஆல்பா, போக்னெரி என்னும் இனங்களும் அதே ஈர வலயத்தவை. 1970களில்தான் அவை அறிவியல் பெயர் பெற்றன. தேயிலைக்கும் ரப்பருக்கும் காடு போனது ஒருபுறம், எஞ்சிய ஓடைகளின் கரைமரங்கள் போனது மறுபுறம் என்று இவற்றின் இடம் சுருங்கிவந்திருக்கிறது.

இதே இலங்கைச் செடிகள்தான் உலகெங்கும் அலங்கார மீன் தொட்டிகளில் வளர்பவை. சிந்தாதிரிப்பேட்டைச் சந்தை உணவு மீனுக்குப் பேர்போனதுபோல், சென்னையில் வளர்ப்பு மீனுக்குப் பேர்போன கொளத்தூரில் தொட்டிச் செடி கேட்பவருக்கு முதலில் காட்டப்படும் செடிகளுள் கிரிப்டோகோரைன் வெண்ட்டியியும் ஒன்று. ஹாலந்தின் டி விட் 1958இல் பெயரிட்ட இவ்வினம் இன்று ஓடையிலிருந்து வருவதில்லை. செடியின் சிறு திசுவை நுண்ணுயிர் நீக்கிய ஊட்டக் கூழில் வளர்த்து ஆயிரக்கணக்கில் பெருக்கும் திசு வளர்ப்பு முறையில், மூடிய பிளாஸ்டிக் கிண்ணங்களில் வந்து இறங்குகிறது. தொட்டிக்கு மாற்றிய சில நாள்களில் இலைகள் அனைத்தும் கூழாகக் கரைந்துபோவதைக் கண்டு செடி செத்துவிட்டதென எறிந்துவிடுவோர் பலர். நீரின் தன்மையும் ஒளியும் மாறும்போது பழைய இலைகளைக் கைவிட்டுத் தண்டைக் காத்துக்கொள்வது இப்பேரினத்தின் வழக்கம், பொறுத்திருந்தால் புது நீருக்கேற்ற இலைகள் துளிர்க்கும். வணிகத்தில் பெயர்க் குழப்பங்களும் குறைவில்லை: நெவில்லியி என்று பல பத்தாண்டுகள் விற்கப்பட்ட குட்டைச் செடி உண்மையில் வில்லிசியி என்பதை டென்மார்க்கின் நீல்ஸ் யாகோப்சன் போன்றோரின் ஆய்வுகள் தெளிவாக்கின.

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் ஊற்றுநீரால் ஓடும் சான் மார்க்கோஸ் என்னும் சிற்றாறு உண்டு. ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 22 டிகிரி செல்சியஸில் மாறாமல் இருக்கும் அந்நீரில் மட்டுமே டெக்சஸ் காட்டு நெல் என்னும் அழிவு அபாயத்திலுள்ள புல் வளர்கிறது. 1993இல் அவ்வாற்றில் கிரிப்டோகோரைன் பெக்கெட்டியியின் திட்டுகள் கண்டறியப்பட்டன. யாரோ தொட்டியைக் காலிசெய்தபோது கொட்டியதன் விளைவாக இருக்கவேண்டும். இலங்கையில் பாதுகாக்க வேண்டிய பட்டியலில் இருக்கும் அச்செடி அங்கே ஓடுதண்டுகளால் படுக்கையை மூடி, காட்டு நெல்லின் இடத்தைப் பிடிக்கத் தொடங்கியது. 2000களில் அதைப் பிடுங்கியும் படுகையோடு உறிஞ்சியெடுத்தும் அகற்றப் பெரும் முயற்சி எடுக்கப்பட்டது. இலங்கையின் மகாவலி ஆற்றுக் கிளையோடைகளில் ஒடுங்கும் செடி டெக்சஸில் ஓங்குவதற்குச் செடி மாறவில்லை. குறையாத, கலங்காத, சூடேறாத நீர் அங்கே கிடைத்தது, அவ்வளவே. கூவத்தில் ஆகாயத்தாமரை செழிப்பதும் இதே கணக்கின் மறுபக்கம்: தென்னமெரிக்கச் செடிக்குக் கழிவின் ஊட்டம் மிகுந்த, தேங்கிய, நிழலற்ற நீர் இங்கே கிடைத்திருக்கிறது.

சிங்கப்பூரில், தமிழர் நெடுங்காலமாக வாழும் அந்நகரத் தீவில், நன்னீர்ச் சதுப்புக் காடாக எஞ்சியிருப்பது நீ சூன் வட்டாரம் மட்டுமே. கிரிப்டோகோரைன் கிரிஃபித்தியி அங்கே இன்னும் உயிரோடு இருப்பதற்கு அக்காடு நீர்பிடிப்புப் பகுதியாக மூடிக் காக்கப்பட்டதே காரணம். குடிநீருக்காகக் காத்த இடத்தில் செடி தானாகப் பிழைத்துக்கொண்டது.

ஆகவே தொட்டிகளிலும் திசு வளர்ப்புக் கூடங்களிலும் இனம் பாதுகாப்பாக இருக்கிறது என்ற ஆறுதல் அரைகுறையானது. கூழில் பெருகும் செடிகள் ஒரே தாயின் நகல்கள். குழல் நீளத்திலும் பாளை நிறத்திலும் ஓடைக்கு ஓடை காணப்படும் வேறுபாடு அவற்றில் இல்லை. வெண்ட்டியியில் இருமடங்காக 28 குரோமோசோம் கொண்ட செடிகளும், மும்மடங்காக 42 கொண்ட செடிகளும் உண்டு. மும்மடங்குச் செடி விதையால் பெருக இயலாமல் ஓடுதண்டையே நம்பியிருப்பதால், அது நிற்கும் ஓடை போனால் அந்த வடிவமும் அத்தோடு போகிறது.

தமிழ்நாட்டில் செய்யத்தக்க முதல் வேலை, கன்னியாகுமரி, திருநெல்வேலி, தென்காசி மலையடிவாரத்து ஓடைகளில் இவ்விரு பேரினங்களையும் முறையாகப் பதிவு செய்வது. இப்பணி பலமுறை பிழைபடுவது பருவத்தைத் தவறவிடுவதால்தான். வெள்ளம் நிறைந்த மாதங்களில் சென்றால் இலைகள் மட்டுமே கிடைக்கும். இலையின் வடிவம் நீரின் ஆழத்துக்கும் ஒளிக்கும் ஏற்ப மாறுவதால் அதைக்கொண்டு இனத்தைத் தீர்மானிக்க இயலாது. கடுங்கோடையில் சென்றால் சில ஓடைகளில் ஒன்றுமே தெரியாது; கிழக்கிலங்கையின் நெவில்லியி போன்றவை இலை முழுவதையும் உதிர்த்து, மண்ணுக்கடியில் தண்டாக மட்டும் கிடக்கும். மழை ஓய்ந்து நீர் இறங்கத் தொடங்கும் வாரங்களே பாளை வெளிவரும் காலம். அப்போது எடுக்கும் மாதிரியையும் தாளில் அழுத்தி உலர்த்தினால் போதாது, குடுவை நசுங்கி உள்ளமைப்பு அழிந்துவிடும்; ஒரு பாளையையேனும் எரிசாராயத்தில் தனியே இட்டு, நீரின் ஆழத்தை அளந்து எழுதி, கோயம்புத்தூரிலுள்ள சென்னை உலர்தாவரகத்தில் சேர்த்தால்தான், அந்த ஓடையில் எது வளர்ந்தது என்பதைப் பின்வருவோர் ஐயமின்றிச் சொல்ல முடியும்.